அரைக் கரண்டி பால்மாவு: ஒரு குழந்தை நல நிகழ்வு ஆய்வு

இதில் வருவது ஒரே குடும்பம் அல்ல. குழந்தை நலப் பணியில் நான் பார்த்த சில குடும்பங்களைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். மூத்தவள், நடுவன், கைக்குழந்தை என்றே குழந்தைகளைச் சொல்கிறேன். இந்த வேலையில் புதிதாக வருகிறவர்களுக்கும், "குழந்தை நலக்காரங்க வந்தா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று பயந்துகொண்டிருக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து வந்த தகவல்

மூத்தவளுக்கு 9 வயது. மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வருவதில்லை, வந்த நாளிலும் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறாள், மதியச் சாப்பாட்டில் பாதியை டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள் என்று வகுப்பாசிரியை எழுதியிருந்தார். கடைசி வரி: "உடம்பில் அடித்த தழும்பு எதுவும் இல்லை."

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அது தப்பான நிம்மதி. அடிபட்ட குழந்தைக்காக உலகம் ஓரளவு சீக்கிரம் எழுந்து நிற்கிறது. 1962-இல் ஹென்றி கெம்பே என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் வீட்டில் அடிபடும் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், இப்படிச் சந்தேகம் வந்தால் தகவல் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கவனிப்பில்லாமல் வாடும் குழந்தையின் எக்ஸ்ரேயில் எந்த முறிவும் தெரியாது. அது மெதுவாக நடக்கிறது, சத்தமில்லாமல் நடக்கிறது. நாம் போகிற நாளில் வீடு கூட்டிப் பெருக்கியிருந்தால் அதுவும் தெரியாது.

நான் போன நாளில் வீடு கூட்டித்தான் இருந்தது. அம்மா கதவைத் திறந்தார். முப்பது வயது இருக்கும். கணவர் வேலைக்காக வெளியூர் போனவர், பணம் ஒழுங்காக வருவதில்லை என்றார். நாற்பது நிமிடம் அவரோடு பேசினேன். மூத்தவள் பக்கத்திலேயே 7 மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "பள்ளிக்கூடம் பிடிக்குமா?" என்று கேட்டேன். "பிடிக்கும்" என்றாள். கோப்பில் இப்படி எழுதினேன்: "தாய் ஒத்துழைக்கிறார். பள்ளி வருகையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்."

அவளைத் தனியாக உட்காரவைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு குழந்தை வேறு என்ன சொல்லும்? இது சின்ன விஷயம் இல்லை என்பதை எங்கள் தொழில் ரத்தம் சிந்திய பிறகுதான் கற்றுக்கொண்டது. லண்டனில் 2000-ஆம் ஆண்டு விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, அவளை வளர்க்க வந்தவர்களின் கொடுமையால் இறந்தாள். மருத்துவமனை, போலீஸ், சமூக சேவைத் துறை என்று எல்லோருடைய கண்ணிலும் அவள் பட்டிருந்தாள். அதை விசாரித்து லார்ட் லேமிங் 2003-இல் கொடுத்த அறிக்கை, அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்று கணக்கிட்டது. பெரியவர்களோடு பேசிவிட்டு வந்தவர்கள் பலர். அவளோடு உட்கார்ந்து பேசியவர்கள் யாரும் இல்லை என்றே சொல்லிவிடலாம். பயிற்சியில் இதைப் படித்தவள்தான் நான். படித்தும் அப்படித்தான் செய்தேன்.

இரண்டாவது முறை

ஒன்பது நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. தொடர்ந்து நான்கு நாள் வரவில்லையாம். காலையிலேயே போனேன். மூத்தவள் கதவைத் திறந்தாள். அம்மா கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நடுவனுக்கு 4 வயது. கீழே உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, ஆனால் அந்த அழுகையில் பலம் இல்லை.

மூத்தவள் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பால் கலக்கப் போனாள். கையைக் கழுவினாள். புட்டியில் தண்ணீரை அளவுக்கோடு பார்த்து ஊற்றினாள். பால்மாவு டப்பாவைத் திறந்து, கரண்டியில் மாவை எடுத்து, விரலால் பாதியைத் திரும்ப டப்பாவுக்குள்ளேயே தள்ளினாள். நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் நான்கு அரைக் கரண்டி.

"ஏம்மா பாதிப் பாதியாப் போடுற?"

"முழுசாப் போட்டா வெள்ளிக்கிழமை வரைக்கும் வராது அக்கா."

ஒரு வீட்டின் முழு நிலவரமும் எனக்கு அந்த ஒரு வரியில் கிடைத்தது. பால்மாவைத் தண்ணீராகக் கலந்தால் குழந்தைக்குச் சத்து போதாது. அதோடு நிற்காது. உடம்பில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். அன்றே எடை பார்த்தபோது 5.8 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி 7 மாதப் பெண் குழந்தையின் நடுநிலை எடை 7.6 கிலோ. 6 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு. ரத்தப் பரிசோதனையில் சோடியம் சரியாக இருந்தது. பிழைத்தோம்.

அம்மாவிடம் அன்றுதான் வேறு கேள்வி கேட்டேன். "எப்படித் தூங்குறீங்க?" என்று ஆரம்பித்தேன். பதில் வர நேரமானது. "நான் இல்லாம இருந்தா இதுங்க நல்லா இருக்கும்னு தோணுது" என்றார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அதே வார்த்தையில் நேரடியாகக் கேட்டேன். கேட்டால் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். அப்படித் தூண்டுவதில்லை. கேட்டவுடன் அவர் அழுதார், ஆமாம் என்றார்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோவில் உருவாக்கிய 10 கேள்விகள் இருக்கின்றன. மருத்துவமனையில் அதைக் கேட்டார்கள். மதிப்பெண் மிக அதிகமாக வந்தது. அந்தக் கேள்வித்தாள் நோயை முடிவு செய்வதில்லை, மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று மட்டும் காட்டும். மருத்துவர் பார்த்து உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது கிட்டத்தட்ட 20 சதவீதம். ஏழு மாதமாக இந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம்

அம்மா மருத்துவமனையில். மூன்று குழந்தைகள் என் முன்னால். மூத்தவள் கேட்டாள், "எங்களப் பிரிச்சிடுவீங்களா?"

"மாட்டோம்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. காப்பாற்ற முடியாத வாக்கை இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே நிறைய வாக்குகள் உடைந்து பார்த்தவர்கள் அவர்கள். "எனக்கு இன்னும் தெரியல. எட்டு மணிக்குள்ள நானே வந்து உன்கிட்டச் சொல்றேன்" என்றேன். 7.40-க்குச் சொன்னேன்.

அந்த இடைவெளியில் நடந்தது இது. அம்மாவின் அக்கா ஒருவர் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தார். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன் செய்து நிலைமையைச் சொன்னதும் "எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டார். அப்படியே கையில் கொடுத்துவிட முடியாது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், முன்பு ஏதாவது வழக்கு உண்டா, எங்கே படுக்கவைப்பார், குழந்தை அழுதால் ராத்திரி யார் எழுந்திருப்பார் என்று பார்த்தோம். மேற்பார்வையாளர் ஒப்புதல் கொடுத்தார். அம்மா, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி, தன் சம்மதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சம்மதிக்காவிட்டால் நான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும், சம்மதம் கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு என்பதையும், இரண்டு வாரத்தில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-வது பிரிவு, குழந்தையின் நன்மைக்கு அவசியம் என்று சட்டப்படி முடிவாகாமல் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பிரிந்தாலும் தொடர்பு விட்டுப் போகக் கூடாது. மாற்றுப் பராமரிப்புக்கு, அதாவது பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தைகளை வேறு இடத்தில் வளர்ப்பதற்கு, ஐ.நா. 2009-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் இன்னும் தெளிவானவை: வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிக்கக் காரணம் ஆகக் கூடாது, கூடப்பிறந்தவர்களைத் தக்க காரணம் இல்லாமல் பிரிக்கக் கூடாது, 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குடும்பச் சூழலிலேயே வைக்க வேண்டும்.

கடைசி விஷயத்துக்கு வலுவான ஆதாரம் ருமேனியாவில் கிடைத்தது. 2000-களின் தொடக்கத்தில் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, இரு தரப்பையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி முன்னேறியது. 2 வயதுக்கு முன்பே போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். காப்பகத்தில் உணவும் உடையும் இருந்தன. ஒரே முகம் தினமும் வந்து தூக்குவது இல்லை. ஆகவே அந்த ராத்திரி மூவரும் பெரியம்மா வீட்டுக்குப் போனார்கள், சேர்ந்தே.

மூத்தவளின் கோபம்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. கைக்குழந்தை எடை ஏறியது. நடுவன் இரண்டு வாரம் படுக்கையை நனைத்தான், அப்புறம் நின்றுவிட்டது. மூத்தவள் மட்டும் மோசமானாள். ராத்திரி மூன்று தடவை எழுந்து குழந்தையின் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். பால் புட்டிக்காகப் பெரியம்மாவோடு சண்டை. ஒரு நாள் புட்டியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். "ரொம்பத் திமிரு" என்றார் பெரியம்மா.

திட்டத்தில் நான் ஒரே வரியில் எழுதியிருந்தேன்: "மூத்தவளை வீட்டுப் பொறுப்புகளிலிருந்து விடுவித்தல்." எழுதும்போது எவ்வளவு நல்ல வரியாகத் தெரிந்தது! அவளுக்கு அது வேலையை விட்டுத் துரத்தியது மாதிரி. ஏழு மாதம் ஒரு குழந்தையை உயிரோடு வைத்திருந்தவள் அவள். அதில் அவளுக்கு வந்த சுமையைப் பார்த்தேன், பெருமையைப் பார்க்கவில்லை.

அதைவிட ஆழமாக இன்னொன்று இருந்தது. மூன்று வீடுகளைக் காகிதத்தில் வரையச் சொல்லி, ஒன்றில் கவலைகள், ஒன்றில் நல்ல விஷயங்கள், ஒன்றில் கனவுகள் என்று குழந்தையையே நிரப்பவைக்கும் ஒரு முறை நியூசிலாந்தில் உருவானது. பேசத் தயங்கும் குழந்தைகளோடு அதைப் பயன்படுத்துவோம். மூத்தவள் கவலை வீட்டில் ஒரு டப்பாவை வரைந்தாள். பக்கத்தில் எழுதினாள்: "பாப்பா என்னால தான் ஒல்லியா ஆச்சு."

யார் சொன்னது என்று கேட்டேன். மருத்துவமனையில் நானும் மருத்துவரும் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள்.

உடனே என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "மூத்த மகள் பால்மாவை அளவு குறைத்துக் கலந்து கொடுத்ததால் குழந்தையின் எடை குறைந்தது." தகவல் சரி. வாக்கியம் அநியாயம். மேற்பார்வையாளரிடம் காட்டினேன். இரண்டு பேரும் உட்கார்ந்து திருத்தினோம்: "வீட்டில் பால்மாவு போதிய அளவு இல்லை. பெரியவர்களின் உதவி கிடைக்காத நிலையில், 9 வயது மகள் தனக்குத் தெரிந்த வழியில் அதை நாள் கணக்குக்குப் பங்கிட்டுத் தங்கைக்குத் தவறாமல் பால் கொடுத்துவந்தாள்." இப்படி மாற்றுப் பராமரிப்பில் வளர்ந்த பலர் பெரியவர்களான பிறகு தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். இவளும் ஒரு நாள் படிக்கலாம். அவளைப் பற்றி முன்பின் தெரியாத யாரோ எழுதிய வரியில் அவள் குற்றவாளியாக இருக்கக் கூடாது.

குழந்தை மருத்துவரே அவளைக் கூப்பிட்டுப் பேசினார். வளர்ச்சி அட்டவணையைக் காட்டினார். "நீ பால் கொடுக்காம விட்டிருந்தா பாப்பா இங்க வந்திருக்கவே முடியாது. மாவு பத்தலங்கறது பெரியவங்க கவனிச்சிருக்க வேண்டியது" என்றார். அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணையில் ஏறும் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

பெரியம்மாவோடு தனியாகப் பேசினேன். புட்டியைப் பறிக்காமல், சாயங்காலப் பால் ஒன்றை அவள் கொடுக்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள் என்றேன். அப்புறம், ராத்திரி தூங்கப் போகும் முன் தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லச் சொன்னேன்: "இனிமே காலைல வரைக்கும் பாப்பா என் பொறுப்பு." முதல் வாரம் அவள் நம்பவில்லை, எழுந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா விழித்திருந்தார். மூன்றாவது வாரம் ஒரு தடவைதான் எழுந்தாள். இதற்கு எந்தச் சிறப்புச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. ஒரு பெரியவர் சொன்னபடி விழித்திருந்தார், அவ்வளவுதான். அந்தப் பெரியம்மாவுக்கும் தூக்கம் வேண்டுமே என்று யோசித்து, வாரத்தில் இரண்டு பகல் நடுவனைக் குழந்தைகள் காப்பு மையத்தில் சேர்த்தோம். பால்மாவுக்கும் மற்ற செலவுக்கும் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தோம். உறவினர்தானே, பாசத்தில் செய்துகொள்வார் என்று அப்படியே விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பாசம் இருக்கிறவருக்கும் செலவு இருக்கிறது.

குடும்பம் போட்ட திட்டம்

நான்காவது வாரத்தில் எல்லோரையும் கூட்டினோம். இந்தக் குடும்பக் கூட்டம் என்ற முறை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்தும் அவர்களுடைய வற்புறுத்தலாலும் வந்தது. நியூசிலாந்து 1989-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. தகவல்களை எல்லாம் சொன்ன பிறகு அதிகாரிகள் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியாக உட்கார்ந்து திட்டம் போடும்.

கூட்டத்துக்கு முன் குடும்பத்தைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சூழல் வரைபடம் போட்டேன். ஆன் ஹார்ட்மன் என்ற அமெரிக்கச் சமூகப் பணி அறிஞர் 1975-இல் வகுத்த முறை. நடுவில் குடும்பம், சுற்றிலும் வட்டங்கள், உறவு பலமானால் தடித்த கோடு, சிக்கலானால் வெட்டுக்கோடு. மூத்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா எங்க?" என்றாள். நான் போடவே இல்லை. வீட்டில் இல்லாத அப்பாவை எங்கள் துறை எளிதாக மறந்துவிடுகிறது. அம்மாவிடம் தனியாகக் கேட்டேன், அடி உதை மிரட்டல் ஏதாவது இருந்ததா என்று. இல்லை, சண்டையும் மௌனமும்தான் என்றார். அப்புறம்தான் அவரைக் கூப்பிட்டேன். வந்தார். தன் அம்மாவையும் அழைத்து வந்தார்.

ஐம்பது நிமிடம் நாங்கள் வெளியே இருந்தோம். உள்ளே சத்தம் கேட்டது, ஒருவர் அழுதது கேட்டது. நான் மனதில் வைத்திருந்த திட்டம், அம்மா வீடு திரும்பியதும் குழந்தைகளும் வாரம் ஒருவராகத் திரும்புவது. அவர்கள் வேறு சொன்னார்கள்: முதலில் அம்மாவே அக்கா வீட்டுக்கு வந்து குழந்தைகளோடு தங்குவார், பிறகு எல்லோரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள், அப்பா மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பெரியம்மா கையில் கொடுப்பார், மாதம் இரண்டு சனி ஞாயிறு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். என் திட்டத்தைவிட இது நல்ல திட்டம். பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பினால் மீதிப் பேர் தவிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மாவுக்கு மறுபடி முடியலன்னா மூத்தவ எனக்குப் போன் பண்ணட்டும்" என்று பெரியம்மா சொல்லியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபடி அவளைக் காவலுக்கு நிறுத்துகிற மாதிரி ஆகிறதே! அவளிடம் பெரியம்மாவின் எண் இருக்கட்டும், வேண்டும்போது பேசட்டும். கவனிக்கிற வேலை அவளுடையது வேண்டாம். கடைசியில் பெரியம்மா தினமும் ராத்திரி 7 மணிக்குத் தானே போன் செய்வது என்று முடிவானது. எப்போது உதவி கேட்க வேண்டும் என்பதை அம்மாவே தன் கையால் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார்: "ரெண்டு நாள் குளிக்கலன்னா. பாப்பா அழுது எனக்கு எழுந்திருக்கத் தோணலன்னா. மாத்திரை வேண்டாம்னு தோணுச்சுன்னா."

வீடு திரும்பிய பிறகு

11-வது வாரம் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கைக்குழந்தை அப்போது 7.3 கிலோ.

அதற்கு அடுத்த பத்து வாரத்தில் ஒரு சறுக்கல். உடம்பு தேறிவிட்டது என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மருத்துவச் சந்திப்புகளைத் தவறவிட்டார். மனச்சோர்வு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவது நல்லதல்ல, நோயும் திரும்பலாம். மூத்தவள் ஒரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அதே நாள் ராத்திரிப் போனில் அம்மாவின் குரலைக் கேட்டே பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அவர் வந்து நின்றார், பள்ளியும் எனக்குச் சொன்னது. நான் போனபோது பெரியம்மாவும் அம்மாவும் மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை. முன்பு இதே மாதிரி ஒரு நிலை மூன்று மாதம் யார் கண்ணிலும் படவில்லை. இந்த முறை ஒரே நாளில் தெரிந்தது.

நடுவனைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது. அவனுக்குப் பேச்சு தாமதம், பயிற்சி தொடர்கிறது, சொற்கள் கூடுகின்றன. பசித்தால் அக்காவைத் தேடியவன் இப்போது அம்மாவின் முந்தானையை இழுக்கிறான்.

11 மாதம் முடிந்து கோப்பை மூடுவதற்காகக் கடைசி முறை போனேன். அம்மா கதவைத் திறந்தார். கைக்குழந்தை கட்டிலைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. மூத்தவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டேன். வெளியே பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார், "அக்கா வந்திருக்காங்க, வா."

"ஆட்டம் முடியல. அப்புறம் வரேன்" என்று பதில் வந்தது.

பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். ஆட்டம் முடியவில்லை. படிவங்களில் அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.